கற்பிக்கும் உரிமை: இஜாஸா முதல் பி.எட். வரை

அறிந்திருத்தல் ஒன்று, அறிந்ததைப் பிறர் அறியச் செய்தல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒருவரிடத்தே ஒருங்கே அமைதல் அரிது. கல்விக்கடல் எனப் போற்றப்பெற்ற பேரறிஞர் ஒருவர் வகுப்பறையில் நின்று பத்து வயதுச் சிறுவனுக்கு ஒரு சிறு கணக்கை விளக்க இயலாது திணறுவதை நாம் கண்டிருக்கிறோம். அளவான கல்வியே உடைய ஒருவர் அதே கணக்கை அச்சிறுவன் மனத்தில் ஆணியடித்தாற்போல் பதியவைப்பதையும் கண்டிருக்கிறோம்.

ஆண்டுதோறும் பட்டத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில் நெய்வேலி நகரியத்தின் இளைஞர் பலர் பி.எட். படிப்பிற்கு விண்ணப்பிக்க முற்படுகின்றனர். அவர்களுள் நம் சமுதாய மாணவ மாணவியரும் உளர். அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “மூன்றாண்டு படித்துப் பட்டம் பெற்றோமே, அதைப் பள்ளியில் சொல்லிக்கொடுக்க இன்னும் இரண்டாண்டுப் படிப்பு எதற்கு?” இது நேர்மையான கேள்வி. இதற்கு விடை கூற வேண்டுமாயின், கற்பிப்பதற்கு ஒருவருக்கு இசைவு வழங்குவது யார், எதனைக் கண்டு வழங்குவது என்பதன் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று காண வேண்டும்.

முன்னோர் கண்ட வேறுபாடு

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இலக்கண நூல். அந்நூலின் பொதுப்பாயிரம் எழுத்தையும் சொல்லையும் பற்றிப் பேசத் தொடங்குமுன் ஆசிரியர் யார், ஆசிரியராகத் தகாதவர் யார் என்பதைப் பேசுகிறது. தகாதவர்க்கு உவமையாக அது காட்டும் பொருள்களுள் ஒன்று, பஞ்சு அடைத்த குடுக்கை. அதனுள் பஞ்சைச் சிறிது சிறிதாகத்தான் திணிக்க முடியும். வெளியே எடுப்பதும் அவ்வாறே அரிது. உள்ளே பொருள் இருக்கிறது, வெளிவர வழியில்லை. கழற்சிக்காய் நிரப்பிய குடம் மற்றோர் உவமை. முறையாக நிரப்பினும் கவிழ்க்கும்போது காய்கள் முறைதவறி உருண்டோடும். கற்றவர் கற்பிக்க மாட்டாராதல் உண்டு என்னும் உண்மையை இதனினும் தெளிவாகக் கூறுதல் இயலாது.

அந்நூலே இன்னொரு கணக்கையும் தருகிறது. ஆசிரியர் உரைப்பதை நன்கு உள்வாங்கினாலும் மாணவனுக்குக் கிட்டுவது கல்வியில் காற்பங்கே. உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்து நிறையும். கற்பித்தலே கற்றலின் பாதி என்பது தமிழ் மரபின் முடிபு.

அரபுலகிலிருந்து இதே குரல் எழுந்தது. ஹிஜ்ரி 779இல், அதாவது கி.பி. 1377இல், இப்னு கல்தூன் தம் ‘முகத்திமா’வை வரைந்தார். அதில் அவர் கற்பித்தலைத் தொழில்களுள் ஒன்றாக வைத்து எண்ணுகிறார். தச்சும் நெசவும் எவ்வாறு கையால் பழகிப் பெறும் திறனோ அவ்வாறே கற்பித்தலும் பழகிப் பெறும் திறன் என்பது அவர் துணிபு. தம் காலத்து மக்ரிபில் மாணவர்கள் மதரஸாக்களில் பதினாறாண்டு தங்குவதையும், தூனிஸில் ஐந்தாண்டிலேயே படிப்பு முடிவதையும் அவர் ஒப்பிட்டார். மக்ரிபில் காலம் நீண்டதற்குக் காரணம் நல்ல போதனை முறை இன்மையே என்றார். அங்கு மாணவர் அவையில் வாய்திறவாது அமர்ந்து மனனம் செய்தனர். பேசியும் வாதிட்டும் பழகவில்லை. அதனால் ஆண்டுகள் கழிந்தும் திறன் கைவரவில்லை என்று எழுதினார். ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இக்கருத்து இன்றைய பயிற்சிக் கல்லூரிகளின் நுழைவாயிலில் பொறித்து வைக்கத் தக்கதாகும்.

உஸ்தாத் வழங்கிய இசைவு

இஸ்லாமிய வரலாற்றில் கற்பித்தலை அளந்த முதல் அளவுகோல் பத்ருப் போரை ஒட்டிக் காணப்படுகிறது. ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டு நிகழ்ந்த அப்போரில் பிடிபட்ட கைதிகளுள் எழுத்தறிந்தோர், மீட்புப் பணத்திற்கு ஈடாக மதீனத்துச் சிறுவர் பதின்மருக்கு எழுதக் கற்பித்து விடுதலை பெறலாம் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். இங்கே நோக்கத் தக்கது ஒன்றுண்டு. சிறுவர்கள் எழுத்தில் தேர்ந்த பின்னரே கைதியின் மீட்புத் தொகை தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. கற்பித்தேன் என்னும் கூற்றை விடுத்து, கற்றுக்கொண்டனர் என்னும் பயனையே அவ்வளவுகோல் அளந்தது.

பின்னர்ப் பெருகிய மதரஸாக்களில் ‘இஜாஸா’ என்னும் முறை வேரூன்றிற்று. ஹிஜ்ரி 459இல் (கி.பி. 1067) நிழாமுல் முல்க் என்னும் அமைச்சர் பக்தாதில் நிறுவிய நிழாமிய்யா மதரஸா உலகறிந்தது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 484இல் (கி.பி. 1091) அங்கு ஆசிரியப் பொறுப்பேற்றார்கள். இத்தகைய கல்விக் கூடங்கள் ஓங்கி நின்ற காலத்தும் இஜாஸாவை வழங்கியது கட்டடமன்று, ஓர் உஸ்தாத். இன்னாரிடம் இன்ன நூலை இவர் ஓதினார், இதனைப் பிறர்க்கு ஓதிக்கொடுக்க இவருக்கு நான் இசைவளிக்கிறேன் என்று ஆசிரியர் தம் பெயரால் எழுதிக் கொடுத்தார். மாணவன் பிழைபட்டால் அப்பழி ஆசிரியர் பெயரையும் சாரும். ஆதலின் அவ்விசைவு எளிதில் கிட்டவில்லை.

அம்மதரஸாக்களில் ‘முஈத்’ எனப்பட்ட துணையாசிரியர் ஒருவர் இருந்தார். ‘திரும்பச் சொல்பவர்’ என்பது அச்சொல்லின் பொருள். முதன்மை ஆசிரியர் பாடம் நடத்தி முடித்தபின், விளங்காத மாணவர்க்கு அப்பாடத்தை மீண்டும் எடுத்துரைப்பது அவர் பணி. இன்றைய மொழியிற் கூறின், முஈத் ஒரு பயிற்சி ஆசிரியர். ஆசிரியரின் அருகிருந்து, ஆசிரியரின் பாடத்தையே நடத்திப் பழகியவர் அவர். நம் தமிழகத் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையும் ஏறத்தாழ இதே பணியைச் செய்தான். இச்சட்டாம்பிள்ளைதான் ஐரோப்பியக் கல்வி வரலாற்றில் ஒரு பெருந்திருப்பத்துக்குக் காரணமாக நின்றவன் என்பது வியப்புக்குரிய செய்தி.

எழும்பூரில் ஒரு மணற்பலகை

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1787இல் சென்னை வந்தார். 1789இல் எழும்பூரில் இருந்த ஆண் அனாதைச் சிறுவர் இல்லத்தின் மேற்பார்வைப் பொறுப்பை ஏற்றார். படைவீரர்களின் பிள்ளைகள் அங்கு வளர்ந்தனர். ஆசிரியர்களோ பணியில் நாட்டமற்றவர்களாக இருந்தனர். ஒருநாள் பெல், தமிழ்ப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அம்முறையைத் தம் இல்லத்தில் புகுத்துமாறு கட்டளையிட்டார். அது நடவாது என்றார் அங்கிருந்த ஆசிரியர். பெல் மனந்தளரவில்லை. ஜான் ஃபிரிஸ்கென் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து அவ்வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். ஆசிரியர் மறுத்ததைச் சிறுவன் செய்து காட்டினான்.

பெல் 1796இல் தாயகம் திரும்பி, மறு ஆண்டே தம் ஆய்வை லண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்னும் பெயரோடு அது இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் பரவிற்று. அவர் விட்டுச்சென்ற செல்வத்தால் அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளிக்கு இன்றும் ‘மதராஸ் கல்லூரி’ என்றே பெயர்.

பெருமிதம் கொள்ளத் தக்க வரலாறு இது. எனினும் இதில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை கற்பித்தபோது ஆசிரியர் அருகில் இருந்தார். பிழையைத் திருத்தினார். மேலைநாட்டில் அம்முறை பரவியபோது, நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஓர் ஆசிரியரைக் கொண்டு சிக்கனமாகச் சமாளிக்கும் வழியாக அது மாறிற்று. செலவு குறைந்தது, ஆசிரியரின் கண் எட்டாத தொலைவில் கற்பித்தல் நடந்தது. நாளடைவில் அம்முறை மதிப்பிழந்து மறைந்தது. கற்பிக்கப் பழகுவோன்மீது மூத்த ஆசிரியரின் பார்வை விழாதபோது பயிற்சி வெறும் வேலைவாங்கலாகிவிடும் என்பது அதன் பாடம்.

மன்றோ வகுத்த திட்டம்

சென்னை மாகாண ஆளுநராயிருந்த சர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்டந்தோறும் பள்ளிகளின் கணக்கை எடுக்கப் பணித்தார். 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருப்பதாகத் தெரியவந்தது. 1826இல் அவர் எழுதிய குறிப்பில் கல்வியின் தாழ்நிலைக்குரிய காரணத்தை ஆராய்ந்தார். ஆசிரியர் ஒருவர் மாதம் ஆறு அல்லது ஏழு ரூபாய்க்கு மேல் ஈட்டுவதில்லை. தகுதியுடையோர் அவ்வூதியத்துக்கு வருவாரா என்று வினவினார். சென்னையில் ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளி ஒன்றும், ஒவ்வொரு மாவட்டத்திலும் இந்துக்களுக்கு ஒன்றும் முஸ்லிம்களுக்கு ஒன்றுமாக இரு தலைமைப் பள்ளிகளும், தாலுகாதோறும் ஒரு பள்ளியும் அமைக்கத் திட்டமிட்டார். மாவட்டப் பள்ளி ஆசிரியருக்குப் பதினைந்து ரூபாயும் தாலுகாப் பள்ளி ஆசிரியருக்கு ஒன்பது ரூபாயும் மாத ஊதியமாகக் குறித்தார். ஊதியத்தையும் பயிற்சியையும் ஒருசேர எண்ணிப் பார்த்த முதல் அரசுத் திட்டம் இதுவெனலாம்.

மறு ஆண்டே மன்றோ மறைந்தார். தாலுகாப் பள்ளிகள் ஆதரிப்பாரின்றி நலிந்து 1836இல் கைவிடப்பட்டன. ஆங்கிலக் கல்விக்கே அரசின் பணம் என்னும் கொள்கை அப்போது மேலோங்கியிருந்தது. ஊர்ப்பள்ளி ஆசிரியரைப் பயிற்றும் எண்ணம் இருபதாண்டுக் காலம் உறங்கிற்று.

சைதாப்பேட்டை

1854இல் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை வந்தது. ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகளை அமைத்து, பயில்வோருக்கு உதவித்தொகை வழங்கி, தேர்ந்தோருக்குச் சான்றிதழ் அளிக்க வேண்டுமென அது பணித்தது. அதன் பயனாக 1856இல் சென்னையில் அரசுப் பயிற்சிப் பள்ளி தோன்றியது. பின்னர்ச் சைதாப்பேட்டைக்குப் பெயர்ந்து ஆசிரியர் கல்லூரியாக உயர்ந்த நிறுவனம் அதுவே. 1882இல் ஹண்டர் கல்விக்குழு ஆராய்ந்தபோது, உயர்நிலைப் பள்ளி ஆசிரியரைப் பயிற்றும் நிறுவனங்கள் இந்தியா முழுவதிலும் இரண்டே இருந்தன. ஒன்று சென்னையிலும் மற்றொன்று லாகூரிலும் இருந்தன.

இன்று பி.எட். இன்றி உயர்நிலைப் பள்ளியில் நிலையான பணி இல்லை என்னும் விதியின் வித்து அக்குழுவின் பரிந்துரையில் கிடக்கிறது. கற்பித்தலின் கொள்கையிலும் செய்முறையிலும் தேர்வு வைத்து, அதில் தேறுவதையே உயர்நிலைப் பள்ளிகளில் நிலையான பணிக்கு நிபந்தனையாக்க வேண்டுமென அது கூறிற்று. முஸ்லிம்களின் கல்விக்கென அக்குழு தனியே அளித்த பரிந்துரைகளுள், தேவைப்படும் இடங்களில் முஸ்லிம் ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளிகளோ வகுப்புகளோ அமைக்கப்பெற வேண்டும் என்பதும் ஒன்று. அவ்வாய்ப்பை நாம் முழுமையாகப் பயன்படுத்திக் கொண்டோமா என்பதை நம் சமுதாயம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகம் வழங்கிய ஆசிரியப் பட்டம் எல்.டி. எனப்பட்டது. பின்னர் அது பி.டி. ஆயிற்று, அதன் பின் பி.எட். ஆயிற்று. இன்றும் பட்டதாரி ஆசிரியரைப் ‘பி.டி. அசிஸ்டென்ட்’ என்றே பள்ளிகளில் அழைப்பது அப்பழைய பெயரின் எச்சம். கர்ஸன் பிரபு காலத்தில் 1904இல் வெளிவந்த அரசின் கல்விக் கொள்கைத் தீர்மானம், பட்டதாரிகளுக்கு ஓராண்டுப் பயிற்சி போதும் என்று வரையறுத்தது. ஒவ்வொரு பயிற்சிக் கல்லூரியோடும் மாணவர் கற்பித்துப் பழகுவதற்கான பள்ளி இணைந்திருக்க வேண்டும் என்றது. பயிற்சி முடித்துச் செல்வோர் தாம் கற்ற முறைகளைக் கைவிட்டுவிடாதபடி கல்லூரிக்கும் பள்ளிகளுக்கும் இடையே தொடர்பு நீடிக்க வேண்டும் என்றும் அது வலியுறுத்திற்று.

பிற்காலத்தில் நாட்டின் குடியரசுத் தலைவராய் விளங்கிய டாக்டர் ராதாகிருஷ்ணனும் 1910 அளவில் சைதாப்பேட்டையில் பயிற்சி பெற்றவரே. அவருடைய தத்துவப் புலமையைக் கண்ட பேராசிரியர், வகுப்புக்கு வருவதினின்று அவருக்கு விலக்களித்து, உடன் பயில்வோருக்கு உளவியல் பற்றி உரையாற்றுமாறு பணித்தார். அவ்வுரைகள் 1912இல் நூலாயின. ஆசிரியர் நாளில் அவர் பெயரைப் போற்றும் நாம், அவரும் ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பித்து மாணவராய் அமர்ந்தவர் என்பதை நினைவிற்கொள்வது நலம்.

பட்டம் இல்லாத புலவர்

இதே காலத்தில் வேறொரு வழியும் திறந்திருந்தது. 1880இல் கும்பகோணம் அரசுக் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, தம் இடத்துக்கு உ.வே. சாமிநாதையரைப் பரிந்துரைத்தார். ஐயரிடம் பல்கலைக்கழகப் பட்டம் ஏதும் இல்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் என்பதே அவர் தகுதி. செட்டியாரும் அப்பிள்ளையவர்களின் மாணாக்கரே. கல்லூரியில் இருந்தோர் ஐயரைப் பாடல் சொல்லவும் பொருள் விரிக்கவும் செய்து கேட்டபின் அவரை ஏற்றுக்கொண்டனர். அரபுச் சொல்லால் கூறின், இது ஓர் இஜாஸா. ஆசிரியப் பரம்பரை இருந்தது, பரிந்துரை இருந்தது, நேரில் சோதித்தலும் இருந்தது.

அவ்வழி நெடுநாள் நீடிக்க இயலாது. பள்ளிகள் நூற்றுக்கணக்கில் பெருகியபோது ஒவ்வொருவரையும் அறிந்த ஒரு தியாகராச செட்டியாரை எங்கே தேடுவது? பரிந்துரை என்பது தகாதோர் கையில் சலுகையாகவும் உறவினர்க்கு உதவியாகவும் சீரழியக் கூடியது. ஏழையின் மகனுக்குப் பரிந்துரைப்பார் யார்? எல்லார்க்கும் பொதுவான தேர்வும் சான்றிதழும் அந்த ஏழைக்கே முதலில் பயன்பட்டன. இதனை மறந்துவிட்டுப் பழமையைப் புகழ்வது நீதியாகாது.

சென்னைப் பல்கலைக்கழகம் இவ்விரு வழிகளையும் இணைக்கும் பாலம் ஒன்றும் அமைத்தது. கீழ்த்திசை மொழிகளுக்கெனத் தனிப் பட்டயத் தேர்வுகளை ஏற்படுத்திற்று. தமிழுக்கு வித்துவான், அரபுக்கு அஃப்ஸலுல் உலமா, பார்ஸிக்கு முன்ஷியே ஃபாஸில் எனப் பெயர்கள் அமைந்தன. மதரஸாவில் ஓதிய ஆலிம் ஒருவர் அஃப்ஸலுல் உலமாத் தேர்வில் தேறி உயர்நிலைப் பள்ளியில் அரபு முன்ஷியாகப் பணியேற்க இப்பாலம் உதவிற்று. அரபும் தமிழும் ஒருங்கே அறிந்த ஆசிரியர் பலர் நம் ஊர்களில் தோன்றியதற்கு இது ஒரு காரணம்.

நிலத்தடிக் கரியும் நகரியப் பள்ளியும்

நெய்வேலியின் வரலாறு இப்பொருளோடு நெருங்கிய தொடர்புடையது. 1935இல் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிற்று. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் நிலக்கரிப் படுகை தென்பட்டது. 1962இல் மின் உற்பத்தி தொடங்கிற்று. கரி கிடைக்கும் என்பதை அறிந்த நாளுக்கும் அது வெளிச்சமாய் மாறிய நாளுக்கும் இடையே இருபத்தேழு ஆண்டுகள் சென்றன. மேல்மண்ணை அகற்ற வேண்டியிருந்தது. கரிப்படுகைக்குக் கீழே பேரழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இடைவிடாது இறைத்து அழுத்தத்தைத் தணிக்க வேண்டியிருந்தது. அத்தொழிலை அறிந்தவர் வந்த பின்னரே உள்ளிருந்த செல்வம் வெளிப்பட்டது.

நகரியம் எழுந்தபோது பல மாநிலத்தாரும் பல மொழியினரும் இங்கு குடியேறினர். வட்டம் வட்டமாக வீடுகள் அமைந்தன. நிறுவனமே பள்ளிகளையும் நடத்திற்று. ஒரே வகுப்பில் பொறியாளரின் மகனும், சுரங்கத் தொழிலாளியின் மகளும், சுரங்கத்திற்கு நிலம் ஈந்த சிற்றூரின் பிள்ளையும் அமர்ந்தனர். வீட்டில் எழுத்தறிந்தார் இல்லாத பிள்ளைக்கும், வீடு நிறையப் புத்தகம் உடைய பிள்ளைக்கும் ஒரே பாடத்தை ஒரே மணி நேரத்தில் விளங்கவைப்பது எளிதன்று. பாடப்பொருள் அறிவு மட்டும் இதற்கு உதவாது. எவ்வினாவை முதலில் எழுப்புவது, எவ்வெடுத்துக்காட்டை எக்குழந்தைக்குக் காட்டுவது, புரிந்ததென்று தலையசைக்கும் பிள்ளைக்கு உண்மையில் புரிந்ததா என்பதை எவ்வாறு அறிவது என்பனவே ஆசிரியத் தொழில். “பட்டம் போதாதா?” என்னும் வினாவுக்குரிய விடை இத்தகைய வகுப்பறையிலேயே கிடைக்கும்.

இன்றைய விண்ணப்பம்

இனி, இன்றைய நிலையைக் காண்போம். 1993இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 1995 முதல் சட்ட அதிகாரத்தோடு இயங்குகிறது. தமிழ்நாட்டில் 2008இல் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் அமைந்தது. இதற்கிடையே பல நூறு தனியார் கல்வியியல் கல்லூரிகள் முளைத்தன. நாடெங்கும் இத்தகைய கல்லூரிகளின் தரம் ஐயத்துக்குள்ளாகவே, உச்ச நீதிமன்றம் நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையில் குழு அமைத்தது. அக்குழு 2012இல் அறிக்கை தந்தது. அதன் பின் வந்த 2014ஆம் ஆண்டு விதிமுறைகள், 1904 முதல் நிலவிய ஓராண்டுக் கணக்கை மாற்றி, 2015-16 கல்வியாண்டு முதல் பி.எட். படிப்பை ஈராண்டாக்கின. அஞ்சல் வழிப் படிப்பும் கட்டுப்படுத்தப்பட்டது. நமக்கு அண்மையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979 முதல் தொலைநிலைக் கல்வியில் பெயர் பெற்றது. எனினும் தொலைநிலை பி.எட். படிப்பை, பணியிலிருக்கும் பயிற்சி பெற்ற தொடக்கநிலை ஆசிரியர்க்கே உரியதென 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் வரையறுத்தன. புதிய பட்டதாரி கல்லூரிக்கு நேரில் சென்றே பயில வேண்டியவரானார்.

ஈராண்டாக்கியதன் பொருள் யாது? ஏட்டுப் பாடத்தை இரட்டித்தல் அதன் நோக்கமன்று. குறைந்தது இருபது வாரங்கள் பள்ளியில் தங்கிக் கற்பித்துப் பழக வேண்டும் என்பதே அவ்விதிமுறையின் உயிர்நாடி. வகுப்புகளுக்கு எண்பது விழுக்காடு வருகை போதும். பள்ளிப் பயிற்சிக்கோ தொண்ணூறு விழுக்காடு வேண்டும். மூத்த ஆசிரியர் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து, பயிற்சி ஆசிரியரின் பாடத்தைக் கேட்டு, பாடக்குறிப்பில் தம் கருத்தை எழுதி ஒப்பமிடுகிறார். முஈதுக்கு உஸ்தாத் தந்ததும், சட்டாம்பிள்ளைக்குத் திண்ணை ஆசிரியர் தந்ததும், உ.வே.சா.வுக்குச் செட்டியார் தந்ததும் இங்கே ஒரு சிறு கையொப்பமாய் எஞ்சி நிற்கிறது. பி.எட். என்னும் சான்றிதழுக்குள் இஜாஸா உயிரோடு இருக்கும் இடம் இதுவொன்றே.

இவ்விடத்தில்தான் பேரிழப்பும் நேர்கிறது. கல்லூரிக்கு வாராமலே கட்டணம் செலுத்திப் பட்டம் பெற்றுவிடலாம் என்று சில இடங்களில் ஆசை காட்டப்படுகிறது. நடத்தாத பாடத்துக்குப் பாடக்குறிப்பும், பாராத வகுப்புக்கு ஒப்பமும் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. அவ்வாறு பெறும் சான்றிதழ் பஞ்சு அடைத்த குடுக்கையின் மேல் ஒட்டிய அழகிய தாள். ஆசிரியர் தகுதித் தேர்வு தமிழ்நாட்டில் முதன்முதலாக 2012 ஜூலையில் நடந்தபோது, எழுதிய ஆறு இலட்சத்துக்கும் மேலானோரில் தேறியவர் நூற்றுக்கு ஒருவர் கூட இலர். தேர்வின் கடுமையும் நேரக்குறைவும் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டன. அதில் உண்மை உண்டு. ஆயினும் நாடு தான் வழங்கிய சான்றிதழையே நம்பாமல் மற்றொரு தேர்வு வைக்க நேர்ந்தது ஏன் என்பதும் எண்ணத் தக்கது. சான்றிதழின்மேல் நம்பிக்கை குறையுந்தோறும் தேர்வுகள் பெருகுகின்றன. 2018இல் தகுதித் தேர்வுக்கு மேல் பணி நியமனத்துக்கெனத் தனிப் போட்டித் தேர்வும் தமிழ்நாட்டில் விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ள பணியிலிருப்போரும் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றது; சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அது பொருந்துமா என்னும் வினாவைப் பெரிய அமர்வின் முடிவுக்கு அனுப்பிற்று.

நம் சமுதாயத்தாருக்குச் சில சொற்கள். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு நடைமுறையில் உள்ளது. கல்வியியல் கல்லூரிச் சேர்க்கையிலும் பின்னர் அரசுப் பணியிலும் அது பயன் தரும். சாதிச் சான்றிதழில் லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் முதலிய உட்பிரிவு சரியாகக் குறிக்கப்பட்டுள்ளதா என்பதைச் சேர்க்கை நாளுக்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். கலந்தாய்வு நாளில் ஓடுவது பயனற்றது. பட்டப்படிப்பின் முதன்மைப் பாடம் பள்ளிப் பாடமாக இருக்க வேண்டும் என்பதையும், பட்டத்தில் குறித்த விழுக்காடு மதிப்பெண் தேவை என்பதையும் பிள்ளைகள் பட்டப்படிப்பில் சேரும்போதே பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும். மூன்றாண்டு கழிந்தபின் அறிந்து வருந்துவோர் பலர்.

அரபுக் கல்லூரிகளில் ஓதும் இளைஞர்க்கும் ஒன்று கூறுவேன். மதரஸாவின் ஸனது மட்டும் கொண்டு பி.எட். படிப்பில் சேர இயலாது; பல்கலைக்கழகப் பட்டமும் வேண்டும். ஓதும் காலத்திலேயே பள்ளி இறுதித் தேர்வையும் பட்டப்படிப்பையும் முறையாக முடித்துக்கொள்வோர் இன்று பெருகி வருவது மகிழ்ச்சிக்குரியது. அவர்களிடம் ஒரு தனிச் சிறப்புண்டு. உஸ்தாதின் முன் அமர்ந்து உரக்கப் படித்து, பிழை திருத்தப்பெற்று வளர்ந்தவர்கள் அவர்கள். திருத்தப்படுவதில் நாணம் கொள்ளாத பயிற்சி ஆசிரியர் விரைவில் தேர்ந்த ஆசிரியராவார். மறுபுறம், நம் மதரஸாக்களும் கல்வியியல் கல்லூரியிடம் கற்க வேண்டியதுண்டு. மக்தபுகளில் சிறுவர்க்கு ஓதிக்கொடுக்க அனுப்பப்படும் ஆலிம்கள் பலர், ஒருநாளேனும் தாம் பாடம் நடத்தி மூத்தவர் ஒருவரால் கவனிக்கப்படாமலே அனுப்பப்படுகின்றனர். இறுதி ஆண்டில் சில வாரங்களேனும் முஈத் முறையை மீட்டுக் கொணர்ந்தால் அது நம் பழைய உடைமையை நாமே திரும்பப் பெறுவதாகும்.

விண்ணப்பிக்கும் பிள்ளைகள் கல்லூரியைத் தேர்ந்தெடுக்குமுன் கட்டணம் எவ்வளவு, விடுதி உண்டா என்று கேட்கின்றனர். கேட்கட்டும். அவற்றோடு மூன்று வினாக்களையும் சேர்த்துக் கேட்கட்டும். எந்தப் பள்ளிக்குக் கற்பித்துப் பழக அனுப்புவீர்கள்? எத்தனை நாள் அங்கிருப்போம்? எங்கள் பாடத்தை யார் அமர்ந்து கேட்பார்? இம்மூன்றுக்கும் நேரான விடை தரும் கல்லூரி எளிய கட்டடத்தில் இயங்கினும் அங்கே சேரலாம். விடை தர மழுப்பும் கல்லூரி எத்துணை பெரிதாயினும் அதன் வாயிலிலிருந்தே திரும்பிவிடலாம்.